புளிசேரியில் போன பூசணிக்காய்

கொம்பன்துறையில் விழுந்தால் வலிக்காது என்று ஆனது ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாரும் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கைகழுவப் போன நேரத்தில். முதலில் விழுந்தது டெல்பின் அக்காதான். கல்யாணம், திருவிழா என்று ஊரில் எதற்கு அடுப்பு மூட்டினாலும் கரண்டி பிடிப்பவள், ஆளும் ஒரு அண்டா அளவு இருப்பாள். கோயில் மண்டபத்துப் பின்வாசலில் யாரோ எச்சிலையைப் போட்டுவிட்டுப் போயிருக்க, அதில் கால் வைத்து, ரசவாளியோடு ஒன்பது படியும் உருண்டாள். முதல் படியில் டம் என்றது. இரண்டாவது படியில் டம்டம் என்றது. படிக்குப் படி முழக்கம் ஏறிக்கொண்டே போய், அவள் கீழே மணலில் வந்து உட்கார்ந்ததும், வானத்திலிருந்தோ கடலிலிருந்தோ, யாரோ இரண்டு பித்தளைத் தட்டை ஓங்கி அறைந்த மாதிரி டிஷ்ஷ்ஷ் என்று ஒரு சத்தம். ரசவாளி மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் தலையில் தொப்பியாக இறங்கியது.

"ஒரு கை குடுங்கல," என்றாள் வாளிக்குள்ளிருந்து. "ரசம் நல்லாத்தான் வந்துருக்கு."

எல்லாரும் ரெக்ஸ்லினைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன்தான் 'ஓட்டை வாளி' ராக் பேண்டின் டிரம்மர். அவன் கையில் இருந்ததோ பப்படம்.

"நான் அடிக்கல," என்றான். "டிரம் செட்டு உறை போட்டு வேன்ல கெடக்கு."

எட்டிப் பார்த்தார்கள். உறை போட்டு வேனில்தான் கிடந்தது. சரி என்று எல்லாரும் பாயசத்துக்குப் போனார்கள்.

அன்றோடு மூன்று நாளாக ஊருக்குள் விழுந்து எழுவதைத் தவிர வேறு வேலையே நடக்கவில்லை. 'ஓட்டை வாளி' தன் முதல் பாட்டுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. தரையே தரையே தள்ளிப் போ என்று தொடங்குகிற பாட்டு அது. மாப்பிள்ளைக் கோலத்தில் பாடகன் பெர்லின் வாழைப்பழத்தோலில் வழுக்க, அவனைப் பிடிக்கப் போனவன் ஏணியைத் தட்ட, ஏணி திரும்பி சுண்ணாம்பு வாளியைத் தட்ட, வாளி மீன்காரியின் கூடையில் விழ, கூடை மீனெல்லாம் கல்யாணப் பெண்ணின் மடியில் விழ என்று ஒருவர் மேல் ஒருவராக ஊரே சரிகிற வீடியோ. சென்னையில் சினிமாக்களில் வேலை பார்த்த இளம்பரிதி கேமராவோடு வந்திருந்தான். தலையணை கட்டிக்கொண்டு விழுந்தார்கள், மெத்தை விரித்து விழுந்தார்கள், அப்படியும் முழங்கால் தேய்ந்து பல் ஆடி முதுகு பிடித்து, கடைசி நாள் மத்தியானம் இறுதி ஷாட்டும் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது தைலம் பூசாத ஆள் ஒருவன் கிடையாது.

ரெக்ஸ்லின் பெண்டாட்டி ஜெனிட்டா மூன்று நாளும் மண்டபத் தூணோரமாகவே நின்றாள். டெல்பின் அக்கா உருண்டபோது ஊர் ரசவாளியைப் பார்த்தது, ஜெனிட்டா இடுப்பெலும்பையும் மணிக்கட்டையும் பின்மண்டையையும் பார்த்தாள். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் மேசைமுனை அவள் கண்ணில் படும், பிறகுதான் மனிதர்கள். கான்வென்டில் படிக்கும்போது சிஸ்டர் எமிலியானா வராந்தாவில் மணியைக் குலுக்கி, ஓடாதே, நட என்பார். ஊரிலேயே அந்த ஒரு பிள்ளைக்குத்தான் மணிச்சத்தம் பள்ளி முடிந்தும் காதுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மகள் ஆக்னஸ், எல்லாருக்கும் ஆக்கி, ஐந்து மாதத்தில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து புருவத்தில் மூன்று தையல் போட்டவள். அன்றைக்கு இடுப்பில் தூக்கியதுதான். பத்து மாதம் ஆகிறது, இறக்கவில்லை. சோறு வடித்ததும் துணி துவைத்ததும் பூசைக்குப் போய் முட்டிபோட்டதும் இடுப்பில் பிள்ளையோடுதான். பதினைந்து மாதப் பிள்ளை, அதன் உள்ளங்காலில் இன்னும் மண் படவில்லை. "ஆக்கிக்கு எதுக்குக் காலு? அதான் அவ அம்மைக்கு ரெண்டு இருக்கே," என்று டெல்பின் அக்கா கேட்காத நாள் கிடையாது.

வீடியோவைத் தொடங்கி வைத்ததும் ஜெனிட்டாதான். முதல் ஷாட்டுக்கு கிளாப் அடிக்க அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு கைதான் சும்மா இருந்தது, ஒரு கையால் கிளாப் அடிக்க வராது. அவள் பலகையைப் பிடித்துக்கொள்ள, ஆக்கி மேல்கட்டையை எட்டி டப்பென்று அடித்தாள். ஊர் கைதட்டியது.

டெல்பின் அக்கா உருண்ட பிறகு அன்று பொழுது சாய்வதற்குள் பதினேழு பேர் விழுந்தார்கள். கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தவன் தலைகீழாக வந்து ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தான். தென்னையில் ஏறியவன் பாதியில் கைவிட்டு, வலைக்குவியலில் விழுந்து, துள்ளி, அடுத்த தென்னையின் உச்சிக்கே போய் அங்கேயும் நாலு காய் பறித்துப் போட்டான். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்புக்குத் தக்க முழக்கம் இருந்தது, ஒல்லியான கணக்கு வாத்தியாருக்குத் தகரடப்பா, படகுக்கட்டும் ஆசாரிக்குப் பெரிய டிரம், எல்லாருக்கும் முடிவில் டிஷ்ஷ்ஷ்.

மறுநாள் காலையில் இளம்பரிதி மண்டபத்துச் சமையற்கட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இங்க ஒரு வெள்ளைப் பூசணிக்காய் வெச்சிருந்தேனே?"

"நல்ல விளைஞ்ச காயாச்சே. தேங்கா அரைச்சு மோர் ஊத்தி புளிசேரி வச்சேன். நீயே மூணு தடவ கேட்டு வாங்கினியே."

இளம்பரிதி தலையில் கைவைத்துக்கொண்டு அரிசிச்சாக்கின் மேல் உட்கார்ந்தான். சாக்கு சரிந்தது, டம்டம் டிஷ்ஷ்ஷ்.

"அது ஷூட்டிங் பூசணிக்காய்க்கா. கடைசி நாள் ஷூட்டிங் முடிஞ்சதும் உடைப்பாங்க. உடைச்சாத்தான் முடிஞ்சதா அர்த்தம். இப்ப முடியல. உங்க ஊரே இன்னும் வீடியோவுக்குள்ளதான் இருக்கு."

"அதான் வலிக்கலயா!" என்றாள் டெல்பின் அக்கா, உப்பு குறைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தவள் போல.

இன்னொரு காய் வாங்கி உடைத்துவிட்டால் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் வாங்கவில்லை.

ஏன் வாங்குவார்கள்! அந்த ஊருக்கு அப்படியொரு காலம் அதற்கு முன்னால் வந்ததில்லை. எண்ணெய் போட்டு எலும்பு கட்டும் வைத்தியர் கடையைச் சாத்திவிட்டு, தன் வாழ்நாளில் முதன்முறையாக மாமரத்தில் ஏறி, ஆசைதீர விழுந்தார். வலை காயப்போடும் இடத்துக்காக எட்டு வருடம் பேசாமல் இருந்த இரண்டு குடும்பம் கடற்கரையில் அடித்துக்கொள்ளப் போய், தள்ளியவனும் விழுந்து தள்ளப்பட்டவனும் விழுந்து விலக்க வந்தவனும் விழுந்து, முழக்கத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, சண்டை எதற்கென்று இரண்டு பக்கமும் மறந்துபோனார்கள். பள்ளிப் பிள்ளைகள் மாடிப்படியை மறந்து ஜன்னல் வழியாகவே வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து, ஊர் எல்லையில் சிலுவை நட்டிருக்கிற குருசடியைத் தாண்டியதும் ஒரு தடவை விழுந்து பார்த்துவிட்டு, கைகோத்துக்கொண்டு மறுபடி விழுந்தார்கள். குருசடிக்கு இந்தப் பக்கம் விழுந்தால் முழக்கம், அந்தப் பக்கம் விழுந்தால் தையல். பங்குத்தந்தை சூசை அடிகளார் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். எந்தப் புனிதரின் பரிந்துரையால் இது நடந்தது என்று எழுதவேண்டிய இடத்தில் வாழைப்பழத்தோலுக்குப் பொறுப்பான புனிதர் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து யோசித்தார். நாற்காலி போய்விட்டது. கடிதமும் அத்தோடு நின்றது.

ஜெனிட்டா மூன்று நாள் நம்பவில்லை. நாலாம் நாள் ஆக்கிக்குப் பதிலாகத் தலையணையைக் கட்டிலிலிருந்து தள்ளிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஆக்கியை ரெக்ஸ்லினிடம் கொடுத்துவிட்டு, தானே சமையலறை மேடையிலிருந்து விழுந்து பார்த்தாள், தம்ளரும் தட்டுமாக ஒரு சின்ன முழக்கம் கேட்டது, தன் சத்தம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஆறாம் நாள் பாய் விரித்து, பாய்மேல் போர்வை விரித்து, வானதூதரை வேண்டுகிற காவல் சம்மனசு செபத்தை இரண்டு தடவை சொல்லி, ஆக்கியை இறக்கினாள்.

ஆக்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே ஒருபக்கமாகச் சாய்ந்தாள். தம்ளரில் கரண்டி தட்டுகிற மாதிரி டிங்டிங் என்று கேட்டு, கடைசியில் சிட்டுக்குருவி தும்மின மாதிரி டிஷ் என்றது. பிள்ளை முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது பாருங்கள்! உடனே எழுந்து உட்கார்ந்து மறுபடி சாய்ந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது தடவை விழுந்தாள். கட்டிலிலிருந்து விழுந்தாள், நாற்காலியிலிருந்து விழுந்தாள், ரெக்ஸ்லின் தோளிலிருந்து விழுந்தாள், ஒவ்வொரு தடவையும் முகத்தை மேலே தூக்கி, டிஷ் வந்ததும் கெக்கெக்கென்று சிரித்தாள். நடக்க மட்டும் முயலவில்லை. விழுவது இவ்வளவு நன்றாக இருக்கும்போது நடந்து என்ன ஆகப்போகிறது?

ஜெனிட்டா அன்று இரண்டு கையாலும் சோறு பிசைந்து சாப்பிட்டாள். இரண்டு கையாலும் தலை பின்னினாள். கை இரண்டையும் வீசிக்கொண்டு கடற்கரை வரைக்கும் ஓடிப் போய், ஓடியே திரும்பி வந்தாள். காதுக்குள் மணி அடிக்கவில்லை.

"ஏட்டி, ஒன்னய பார்த்தா ஸ்கூல் பிள்ள மாதிரி இருக்கு," என்றான் ரெக்ஸ்லின்.

"இப்படியே இருக்கட்டுங்க," என்றாள் அவள். "காய் வாங்கவே வேண்டாம். வீடியோவும் வேண்டாம். இப்படியே இருந்துருவோம்."

பத்தாம் நாள் கஸ்பார் அண்ணன் பெண்டாட்டி செபஸ்தியம்மாள் தூக்கத்திலேயே இறந்துபோனாள்.

ஜெனிட்டாவின் எதிர் வீட்டுக்காரர்கள், முப்பத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்கள். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது முன்னால் போனவன் வழுக்கினான். அவன் மேல் இரண்டாமவன், அப்புறம் மூன்றாமவன் என்று ஆறு பேரும் வரிசையாகச் சரிய, பெட்டி மணலில் வள்ளம் போல வழுக்கிக்கொண்டு போய், மலர்வளையங்களை இரண்டு பக்கமும் தள்ளி, குழியின் விளிம்பில் அளவெடுத்த மாதிரி நேராக நின்றது. நின்றதும் டிஷ்ஷ்ஷ். ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. பொத்த முடியவில்லை. அடிகளார் செபப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். கஸ்பாரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வர, விலாவைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது அவர் கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பாதர், ஒரு வார்த்த சொல்லணும்," என்றார். "முப்பத்தெட்டு வருசம். நான் சிரிச்சிட்டேன். சரி, வீட்டுல போயி அழுவோம்னு போனேன். தரையில அடிச்சு விழுந்தேன், டிஷ்னு சத்தம் வந்துச்சு. செவுத்துல தலைய முட்டுனேன், டம்முனு கேட்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைய கை தட்டுதுவ. எனக்கு வலிக்கல பாதர். அவ போயிட்டா, எனக்கு வலிக்க மாட்டேங்குது. எனக்கு வலிக்கணும்."

பெர்லின் தலையைக் குனிந்துகொண்டான். ஆசாரி துண்டால் மூக்கைத் துடைத்தார். எலும்பு வைத்தியர்தான், "காய் வாங்கிருவோம்," என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உடைப்பது என்று முடிவானது. தொடங்கி வைத்த கையே முடித்து வைக்கட்டும் என்றான் இளம்பரிதி. அப்படித்தான் அந்தப் பூசணிக்காய் ஜெனிட்டா வீட்டுச் சமையலறைக்கு வந்து, சாம்பல் பூத்த உடம்போடு ஒரு பெரிய முட்டை மாதிரி அலமாரியில் உட்கார்ந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஜெனிட்டா தேங்காய் துருவினாள். சீரகமும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்தாள். மோரைக் கடைந்து எடுத்துவைத்தாள். பிறகு பூசணிக்காயை இறக்கி அருவாமணைக்குப் பக்கத்தில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் ஆக்கி விழுந்துகொண்டிருந்தாள், டிங்டிங் டிஷ், டிங்டிங் டிஷ்.

டெல்பின் அக்கா தயிருக்கு உறை கேட்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். அரைத்த தேங்காயைப் பார்த்தாள். மோரைப் பார்த்தாள். காயைப் பார்த்தாள்.

"நாளைக்கு உள்ளதுல்லா இது?"

"ஆமாக்கா."

"ம்ம்." அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள். "செஞ்சன்னா நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கும் அந்த ஒம்பது படி பிடிச்சுப்போச்சு. தெனமும் காலையில போயி ஒரு தடவ உருண்டுட்டுத்தான் அடுப்ப மூட்டுதேன்."

"நாளைக்கு உடைச்சாச்சுன்னா இவளுக்கு வலிக்கும்லா அக்கா?"

"வலிக்கும்."

"தலையில பட்டா?"

"அத ஏன் எங்கிட்ட கேக்க. மோருல மஞ்சத்தூள் போட்டியா?"

போடவில்லை. மஞ்சள்தூள் டப்பா ஜன்னலோரம் இருந்தது. எடுக்கப் போனவள் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வாசலைப் பார்த்தாள். கஸ்பார் அண்ணன் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் அம்மிக்குழவி, செபஸ்தியம்மாள் முப்பத்தெட்டு வருடம் அரைத்தது. அதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, தன் வலது பாதத்தில் போட்டார். டிங் என்று, பூசையில் அடிக்கிற மணி போல, அழகாக ஒரு சத்தம். குனிந்து எடுத்தார். மறுபடி தூக்கினார். போட்டார். டிங். பாதத்தை உற்றுப் பார்த்தார். குனிந்து எடுத்தார். அவசரப்படாமல், ஒரு வேலை செய்கிற மாதிரி, திரும்பத் திரும்ப.

ஜெனிட்டா மஞ்சள்தூள் டப்பாவைப் பிடித்தபடி நின்றாள். டிங். டிங். டிங். பின்னால் ஆக்கி அந்தச் சத்தத்துக்கும் சிரித்தாள்.

"அக்கா," என்றாள் கடைசியில். "இந்த மோர எடுத்துட்டுப் போங்க. வெண்டைக்கா எதாவது போட்டு வச்சிருங்க."

டெல்பின் அக்கா மோர்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, போகும்போது வாசற்படியில் வேண்டுமென்றே ஒரு தடவை வழுக்கிவிட்டுப் போனாள். மோர் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. திருவிழாவுக்குக்கூட அவ்வளவு கூட்டம் கிடையாது. கடைசியாக ஒரு தடவை விழுந்துவிட வேண்டும் என்று மதில்மேல் வரிசையாக ஏறி நின்று, ஒன்று ரெண்டு மூணு என்று சொல்லி நூறு பேர் சேர்ந்து விழுந்தபோது எழுந்த முழக்கத்தில் தென்னையில் இருந்த காகமெல்லாம் கடலுக்கு மேலே போய்விட்டன. டெல்பின் அக்கா ஒன்பது படியை மூன்று தடவை உருண்டாள். 'ஓட்டை வாளி' மேடையில் ஏறி, தரையே தரையே தள்ளிப் போ என்று பாட, ரெக்ஸ்லின் டிரம்மை அடித்து நொறுக்க, ஜெனிட்டா ஒரு இடுப்பில் ஆக்கியும் ஒரு கையில் பூசணிக்காயுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். இளம்பரிதி காயின் மேல் கற்பூரம் ஏற்றினான். அடிகளார் அந்த நேரம் பார்த்துக் கடலைப் பார்த்தார். பிறகு திரும்பி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தீர்த்தமும் தெளித்தார்.

"ரெண்டு கையாலயும் தூக்கி ஓங்கி அடிக்கணும்க்கா," என்றான் இளம்பரிதி.

பாட்டு நின்றது. டிரம் உருட்டல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்கி அம்மா அப்பாவைத் தவிர யார் கையிலும் போகாத பிள்ளை, ரெக்ஸ்லினோ மேடையில் டிரம்முக்குப் பின்னால். ஜெனிட்டா கீழே பார்த்தாள். சிமென்ட் தரை. காதுக்குள் மணி அடிக்கத் தொடங்கியது. கூட்டத்தின் ஓரத்தில் கஸ்பார் அண்ணன் குழவியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

ஆக்கியை இறக்கினாள். இரண்டு கையாலும் காயைத் தலைக்கு மேல் தூக்கினாள். அடித்தாள்.

பொத் என்றது. அவ்வளவுதான். முழக்கம் இல்லை, டிஷ் இல்லை. ரெக்ஸ்லின் குச்சிகளைத் தூக்கியபடியே நிறுத்திவிட்டான். பன்னிரண்டு நாளாக யாரும் கவனிக்காத கடலின் இரைச்சல் முற்றத்துக்குள் வந்தது.

அப்போதுதான் ஆக்கி எழுந்தாள். யாரையும் பிடிக்காமல், தரையில் இரண்டு கையையும் ஊன்றி, பின்பக்கத்தை மேலே தூக்கி, நிமிர்ந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. சிதறிக் கிடந்த பூசணித்துண்டைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு மூன்று, நாலு, ஐந்து. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆறாவது அடியை விதையும் சதையுமாக வழவழத்துக் கிடந்த இடத்தில் வைத்தாள், வழுக்கினாள், முகம் குப்புறப் போனாள்.

சத்தமே இல்லை.

ஆக்கி முகத்தைத் தூக்கினாள். கீழுதட்டில் ஒரு சிவப்புப் பொட்டு, குன்றிமணி அளவு. அழவில்லை. வானத்தைப் பார்த்தாள். காத்துக்கொண்டிருந்தாள். எங்கே, இன்னும் வரவில்லையே என்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். உதடு மெதுவாகப் பிதுங்கியது.

ஜெனிட்டாவின் கால் இரண்டும் பிள்ளையை வாரித் தூக்கப் பாதி தூரம் ஓடிவிட்டன. கையும் நீண்டுவிட்டது. மணி அடித்து அடித்துக் காது அடைத்துவிட்டது. அந்த அடைப்பை மீறி, கான்வென்டில் பாடற்குழுவில் முதல் வரிசையில் நின்ற தொண்டையிலிருந்து, அவளுக்கே தெரியாமல் அது வந்தது.

"டம்! டம்டம்! டிஷ்ஷ்ஷ்!"

முற்றம் முழுக்கக் கேட்டது. மேடையிலிருந்த பித்தளைத் தட்டுகூட லேசாக அதிர்ந்தது என்று பெர்லின் பிறகு சொன்னான்.

ஆக்கி அம்மாவைப் பார்த்தாள். அந்த வாயைப் பார்த்தாள். யோசித்தாள். பிதுங்கிய உதடு அப்படியே விரிந்து, இருந்த நாலு பல்லிலும் ரத்தம் பூசி, கெக்கெக்கென்று சிரித்தாள்.

அதே நேரத்தில் கூட்டத்தின் ஓரத்திலிருந்து, "ஐயோ!" என்று ஒரு சத்தம். கஸ்பார் அண்ணன் கையிலிருந்த குழவி பாதத்தில் விழுந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "செபஸ்தி, செபஸ்தி," என்று வாய்விட்டு அழுதார். ஒருவரும் சிரிக்கவில்லை. எலும்பு வைத்தியர் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தொடாமல் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் ஆக்கி மறுபடி கையை ஊன்றினாள், பின்பக்கத்தைத் தூக்கினாள், எழுந்தாள். ஜெனிட்டா நீட்டிய இரண்டு கையையும் மெதுவாகப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்த டிஷ்ஷுக்கு வாய் நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, பிள்ளையின் ஏழாவது அடிக்காகக் காத்து நின்றாள்.